அமாவாசை பார்த்துப் பதிவு செய்யுங்கள்: சிலாங்கூர் ஆற்றுச் சுற்றுலா ஒன்றின் மதிப்புரை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே குறிப்பிடும் எங்கள் தோட்டப்புறச் சிற்றூரில், ஒரு வேனையும் ஒரு தொலைபேசி எண்ணையும் மட்டுமே முதலாகக் கொண்டு நடந்துவரும் ஆற்றுச் சுற்றுலாச் சேவை ஒன்று உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, விளம்பரமும் இல்லை. மின்மினி பார்க்கலாம் என்று நம்பிப் பதிவு செய்கிறவர்களில் ஒரு சாரார் அலுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மற்றொரு சாரார் அடுத்த பள்ளி விடுமுறைக்கே பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் உறவினர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் வருகிறார்கள். இரு சாராரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: இந்தச் சேவையில் புறப்படும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை, கடல் முடிவு செய்கிறது. குறையாகச் சொல்லப்படும் இந்தப் பழக்கமே இதன் முதன்மையான சிறப்பு என்பது என் கருத்து.

முதலில் அந்த நேர விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பதிவு செய்தவர்களுக்கு, முதல் நாள் மாலையில் மறுநாள் புறப்பாட்டு நேரம் குறுஞ்செய்தியாக வரும். இன்று நண்பகல் ஒன்றரை மணிக்குக் கிளம்பிய வேன் மூன்று நாள் கழித்து மாலை நான்கு மணிக்குக் கிளம்பக்கூடும். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், ஒவ்வொரு நாளும் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வருகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கிள்ளான் துறைமுகக் கரையில் 4 மீட்டரைத் தாண்டும். அரைநிலவு நாளான அட்டமியை ஒட்டிய நாட்களில் அது வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கரையில் இன்னொரு வசதியும் உண்டு. அமாவாசை நாட்களில் மாலை ஏற்றம் பெரும்பாலும் ஆறு, ஏழு மணி வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது. அது ஆற்றின் வழியே மேலேறி மின்மினிகள் வாழும் இடத்தை அடையும்போது இருட்டு சரியாகக் கவிந்திருக்கும். வழிகாட்டியின் வேனில் தொங்குவது சுற்றுலாத் துறையின் அட்டவணை அன்று, கோயிலில் கொடுத்த தமிழ் நாள்காட்டி. திதி பார்த்துத் தொழில் நடத்தும் சுற்றுலா முகவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுற்று மலையடிவாரத்தில் தொடங்குகிறது. கோலக்குபு பாருவைக் கடந்து, பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் சிலாங்கூர் ஆற்று அணையைப் பார்க்கத்தக்க இடத்தில் வேன் நிற்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரில் பிறந்து, கோல சிலாங்கூரில் நீரிணையைச் சேரும் இந்த ஆற்றின் மொத்த நீளம் சுமார் 110 கிலோமீட்டர். அதன் வடிநிலம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் நீர், தன் உயரத்தின் பெரும்பகுதியை முதல் சில பத்து கிலோமீட்டருக்குள்ளேயே இழந்துவிடுகிறது. எஞ்சிய தூரமெல்லாம் ஏறக்குறைய சமதளம். ஆற்றுக்கு அங்கே அவசரமே இல்லை. மலையில் அது பாறைகளை உருட்டுவதும், எங்கள் ஊர்ப்பக்கம் செம்மண் கலங்கலாய் வளைந்து வளைந்து நகர்வதும், கழிமுகத்தில் சேற்றைப் படியவைப்பதும் இந்தச் சரிவு மாற்றத்தின் விளைவுகளே. வழிகாட்டி இதைச் சாலையோரம் நின்று ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்து விளக்குகிறார். மிக எளிமையான, மிகச் சரியான விளக்கம்.

அணையைப் பற்றி அவர் சொல்லும் செய்தி பலருக்கும் புதிதாக இருக்கும். 2000களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை ஏறத்தாழ 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கக்கூடியது. ஆயினும் இங்கிருந்து நேராகக் குழாய் எதுவும் கோலாலம்பூருக்குப் போவதில்லை. மழை குறைந்த நாட்களில் தேவைக்கேற்ப நீர் திறந்துவிடப்பட, அது ஆற்றின் வழியாகவே இறங்கி, கீழே ரந்தாவ் பாஞ்சாங்கிலும் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தடுப்பணையிலும் இறைத்தெடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. ஆறே குழாயாகப் பயன்படுகிறது என்று பொருள். சிலாங்கூர் மாநிலம், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றின் குடிநீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த ஓர் ஆற்றை நம்பியிருக்கிறது. அணைக்காகத் தெமுவான் பூர்வகுடியினரின் பெர்தாக், கெராச்சி கிராமங்கள் இடம் மாற்றப்பட்டதையும் அவர் விடாமல் சொன்னார். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் வேனில் இருந்ததால், அந்த இடத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கோலக்குபுவின் பழைய ஊர் இருந்த பகுதியில் வேன் அளவுக்கு மீறி நிற்கிறது. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் ஈய (வெள்ளீய) சுரங்கங்களுக்காக எழுப்பப்பட்டிருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றதும், அதில் ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங் உயிரிழந்ததும் வரலாறு. அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால்தான் ஆறு பழிவாங்கியது என்பது ஊர்க்கதை. வழிகாட்டி வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிட்டு முதலையை அரை மணி நேரம் இழுக்கிறார். பிள்ளைகள் ரசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அந்தக் கதைக்குள் அமிழ்ந்துபோகிறது: சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றுப்படுகையில் ஆண்டுக்கணக்கில் படிந்து, படுகையையே உயர்த்திவிட்டது. படுகை உயர்ந்தால் அதே மழைக்கும் வெள்ளம் முன்பைவிட மேலே ஏறும். 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் உட்பட அடுத்தடுத்து வந்த வெள்ளங்களைத் தாங்க முடியாமல், 1930ஆம் ஆண்டு வாக்கில் ஊரே மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய கோலக்குபு பாரு அதுதான். முதலை ஒன்றால் நேர்ந்ததாகச் சொல்லப்படும் அழிவைவிட, மண்வெட்டிகளால் நேர்ந்த அழிவு பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது.

அங்கிருந்து கீழிறங்கி எங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது சுற்றுலாவின் மிக வலுவான பகுதி தொடங்குகிறது. இரு மருங்கிலும் செம்பனை. மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர் தோட்டம், சுங்கை திங்கி தோட்டம் என்று பெயர்களைக் கேட்டதும் வேனுக்குள் இருந்த மூத்தவர்கள் தங்கள் லயத்து வீடுகள் இருந்த திசையைச் சுட்டிக்காட்டத் தொடங்கினார்கள். வழிகாட்டி ஒரு தோட்டக் கானின் (வடிகாலின்) ஓரத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். முந்தின பிற்பகல் பெய்த மழையில் நிரம்பிய கான் இன்னும் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நிழல்மரங்களோடு இருந்த பழைய பால்மர (ரப்பர்) காட்டிலிருந்து வடியும் நீரையும், மறுநடவுக்காக மொட்டையாக்கப்பட்ட செம்பனைக் காட்டிலிருந்து வடியும் நீரையும் தம் இளமையில் பார்த்த வேறுபாட்டோடு அவர் சொன்னார்: முன்னது மழை நின்ற பிறகும் நெடுநேரம் மெல்ல வடியும், பின்னது மழையோடு பாய்ந்து மழையோடு ஓய்ந்துவிடும். வெப்பமண்டல ஆறு ஒன்றின் இயல்பைப் புரிந்துகொள்ள இது போதும். இங்கே உருகிவரப் பனி கிடையாது. மலைப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் பிற்பகல் இடிமழையாகவும், விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா காற்று மழையாகவும் கொட்டுகிறது. சித்திரையை ஒட்டிய ஏப்ரல், மே மாதங்களிலும், ஐப்பசியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஆறு பெருகும். தைப்பூசம் முடிந்த பிப்ரவரியில் மெலியும். கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் பெருவெள்ளம் வரும்போது, நடுவிலுள்ள மலைத்தொடர் மறைப்பதால் இந்தப் பக்கத்து ஆறுகள் பெரும்பாலும் அடங்கியே ஓடும்.

அடுத்து ஈயக்குட்டைகள். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள இந்தக் குட்டைகளை நாங்கள் மீன்பிடிக்கும் இடமாகவும், பிள்ளைகள் மூழ்கிவிடக்கூடிய ஆபத்தான இடமாகவும் மட்டுமே அறிந்திருந்தோம். மிதந்தபடியே மண்ணைத் தோண்டி ஈயம் பிரித்த பெரிய தூர்வாரிக் கப்பல்கள் இங்கே வேலை செய்தன. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் அந்தத் தொழில் ஒடுங்கியது. தோண்டிய குழிகளில் நீர் நின்றது. 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடும் வறட்சியால் அணைநீர் வற்றி, தலைநகரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது, இந்தக் குட்டைகளின் நீரையே இறைத்து ஆற்றில் விட்டார்கள். குட்டை நீரில் கன உலோகங்கள் இருக்குமோ என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. வழிகாட்டி அந்தக் கேள்வியையும் அதற்கு அதிகாரிகள் சொன்ன பதிலையும் இரு தரப்புக்கும் நியாயம் செய்யும் வகையில் எடுத்துரைத்தார். நாம் பாழ்நிலம் என்று கருதிய இடம் தலைநகரின் அவசரச் சேமிப்பாக மாறியதை அந்தக் கரையில் நின்றுகொண்டு கேட்பது, செய்தித்தாளில் படித்ததைப் போன்றது அன்று.

வடக்கே ராஜா மூசா சதுப்புக் காட்டின் விளிம்பை ஒரு பார்வை மட்டும் பார்க்கிறோம். வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காடு 70,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. மழையை உறிஞ்சிவைத்து மெல்ல விடுவதில் எந்த அணைக்கும் குறைந்ததன்று. அங்கிருந்து வரும் கான்நீர் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பியின் நிறத்தில் இருக்கிறது. அது அழுக்கன்று, மக்கிய இலைகளின் சாயம். இந்த இடத்தில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம். முதலைக் கதையிலிருந்து பத்து நிமிடத்தை இங்கே மாற்றினால் சுற்று மேலும் சிறக்கும்.

சாப்பாடு, ஊருக்குள் ஒரு வாழையிலைக் கடையில். மீன்குழம்பு நன்றாக இருந்தது. கட்டணத்தில் அது சேர்ந்துவிட்டது. அதைப்பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

மாலையில் கோல சிலாங்கூர்ப் படகுத்துறையில் நடக்கும் ஒரு சிறு செய்முறைக்காகவே இந்தச் சுற்றுலாவைப் பரிந்துரைப்பேன். கல் கட்டிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் தக்கையால் அடைத்து, தக்கையில் தனியாக ஒரு கயிறு கட்டியிருக்கிறார். போத்தல் அடிமட்டத்தைத் தொட்டதும் தக்கைக் கயிற்றைச் சுண்டுகிறார். குமிழிகள் மேலெழுந்து நிற்கும்வரை காத்திருந்து தூக்குகிறார். மேற்பரப்பிலிருந்து மொண்ட நீரிலும், அடியிலிருந்து எடுத்த நீரிலும் ஒவ்வொரு சொட்டை இறால் பண்ணைகளில் பயன்படுத்தும் கையடக்க உப்புமானியில் வைத்து, அதை வரிசையாக எல்லாருடைய கண்ணுக்கும் கொடுக்கிறார். உப்பு கூடக் கூட மேலேறும் நீலக்கோடு, மேல்நீரில் அடியோரம் கிடந்தது. அடிநீரில் அது பலமடங்கு மேலே ஏறி நின்றது. கடல்நீர் கனமானது என்பதால் அது ஆற்றுநீருக்கு அடியில் ஆப்புபோல் நுழைந்து மேலேறுகிறது. அதே நேரத்தில் அதன் மேல் நன்னீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஆறு, ஒரே நொடியில், மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த் திசையிலும் ஓடக்கூடும் என்பதை அந்தக் கோடு காட்டிவிடுகிறது. தக்கைக் கயிற்றைச் சுண்டும் வாய்ப்பு பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அட்டமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் இந்தச் சுற்றில் நான் சென்றிருக்கிறேன். அட்டமி நாளில் ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், வலுவற்றது. இரண்டு நீரும் அடுக்கடுக்காகவே நிற்கும். போத்தல் செய்முறை அன்று மிகத் தெளிவாக அமையும். அமாவாசை நாளின் பேரோதம் ஆற்றை அடியோடு கலக்கிவிடுவதால், மேல்நீருக்கும் அடிநீருக்கும் வேறுபாடு சுருங்கிவிடும். கோடுகள் இரண்டும் நெருங்கி நிற்கும். செய்முறை தோற்றுவிட்டது என்று அன்று சிலர் முணுமுணுத்தார்கள். வேறுபாடு ஏன் குறைந்தது என்பதைத்தான் வழிகாட்டி அன்று விளக்கியிருக்க வேண்டும். அவரோ படகுக்கு நேரமாகிவிட்டது என்று போத்தலை எடுத்து வைத்துவிட்டார்.

பிறகு மின்மினிகள். மேலேறி கம்போங் குவாந்தானுக்குச் சென்று, இயந்திரம் இல்லாத துடுப்புப் படகில் ஏறுகிறோம். ஓசையும் புகையும் அலையும் இல்லாத இந்தப் படகைத் தேர்ந்தெடுத்ததற்காகவே தனியாக ஒரு பாராட்டு. கரையோரத்தில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து குத்திட்டு மேலெழுகின்றன. இலைகளில் அமர்ந்து ஒளிவிடும் மின்மினிகளின் ஆண்கள் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. ஏன் இந்த ஆற்றின் இந்தத் துண்டில் மட்டும் என்ற கேள்விக்கு, நாள் முழுவதும் பார்த்ததெல்லாம் இங்கே வந்து விடையாகிறது. பெரெம்பாங், உப்பு மிகுந்த கடலோரத்திலும் செழிக்காது, முழு நன்னீர்க் கரையிலும் இயல்பாகத் தோப்பாகாது. ஓதம் ஏறி இறங்கும் இளவுப்புக் கரைதான் அதற்கு இடம். மின்மினியின் புழுக்களோ மரத்தில் வாழ்வதில்லை. கரையின் ஈரச்சேற்றில், நிப்பா என்னும் சதுப்புப் பனையின் ஓலைகளின் அடியில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஓதம் நனைக்காவிட்டால் நத்தை இல்லை; கரையைச் செதுக்கிச் செம்பனை நட்டாலும் நத்தை இல்லை. மேலே தடுப்பணையில் நீரை அளவுக்கு மீறி எடுத்து, இறங்கும் நன்னீர் மெலிந்தால் உப்பு மேலும் உள்ளே ஏறும். அணை கட்டத் திட்டமிட்ட நாளிலேயே மின்மினிகளை முன்வைத்து இந்த அச்சம் பேசப்பட்டது. நகரத்தார் திறக்கும் குழாய்க்கும் இந்த மரத்து ஒளிக்கும் இடையிலான கணக்கு அது.

ஓதத்துக்காகக் காத்திருப்பதன் பயன் படகில் ஏறியதும் விளங்கும். அட்டமி மாலையில் ஆறு வற்றிக் கிடந்தது. படகுத்துறையில் பொறுமையிழந்த இளைஞர் ஒருவர், "இன்னும் எவ்வளவு நேரம்ணே, மணி ஒன்பதாச்சே?" என்றார். "தண்ணி ஏறட்டும் தம்பி. இப்ப போனா சேத்துக்குள்ள இருந்து அண்ணாந்து பாக்கணும்," என்றார் வழிகாட்டி. ஒன்பதரை மணிக்குமேல் புறப்பட்டபோதும் கிளைகள் தலைக்கு மேலேதான் இருந்தன. அமாவாசை நாளில் அதே கிளைகள் கண்மட்டத்துக்கு இறங்கியிருந்தன; உண்மையில் உயர்ந்தது படகு. கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இலையின் விளிம்பில் ஒரு பூச்சி, வயிற்றின் நுனி வெளிர்பச்சையாக எரிந்து அணைவதைப் பார்க்க முடிந்தது. பௌர்ணமியிலும் நீர் இதே உயரம் ஏறும், ஆனால் நிலவொளி மின்மினியை மங்கவைத்துவிடும். ஆகவே அமாவாசை, அல்லது அதற்கு முன்பின் இரண்டு நாள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வேனின் குளிர்சாதனம் பின் இருக்கைகளை எட்டவில்லை. சிறு பிள்ளைகளுக்கு அளவான மிதவைச் சட்டைகள் போதிய எண்ணிக்கையில் இல்லை. பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டி ஒப்பேற்றினார்கள், இது ஏற்கத்தக்கதன்று. எல்லாவற்றையும்விட, ஆற்றின் நோய்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த தொழிற்சாலைக் கழிவு கிளையாறுகள் வழியே இந்த ஆற்றை அடைந்ததால், நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. வாளி ஏந்தி லாரிக்காக நின்றவர்கள் வேனிலேயே பலர் இருந்தும், அதைப்பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நானே கேட்டதற்கு, விருந்தினர் மனம் கசக்கக்கூடாது என்றார். மாசு எங்கே நுழைகிறது என்பதும் ஆற்றின் நிலவியல்தான். ரவாங் பக்கத்துக் கிளையாறு வந்து கலக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் யாரும் கசந்துபோக மாட்டார்கள்.

கட்டணம் பெரியவர் ஒருவருக்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் குறைவு. படகுச் சீட்டும் சாப்பாடும் அதில் அடக்கம். மழை பிடித்தால் படகு மட்டும் வேறு நாளுக்கு மாற்றித் தரப்படும். விளக்கம் தமிழிலேயே நடக்கிறது. படகோட்டி மலாயில் சொல்வதை வழிகாட்டி உடனுக்குடன் சொல்லிவிடுகிறார். படம் எடுத்துப் பகிர்வதற்காக மட்டும் செல்கிறவர்கள், கோலாலம்பூரிலிருந்து நேராகப் படகுத்துறைக்கு வரும் மாலைச் சுற்றைப் பிடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இது நீளமாகத் தோன்றும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும், இந்த ஆற்றங்கரைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து வெளியூரில் குடியேறியவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். பதிவு செய்யும்போது இரண்டு செய்திகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: அன்றைய திதி என்ன, பிள்ளைகளின் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா. இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், சொந்தமாக ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; கொசுத் தைலமும் மறவாமல் இருக்கட்டும், ஆனால் படகில் ஏறிய பிறகு அதைத் தெளிக்க வேண்டாம் என்று படகோட்டி கண்டிப்பாகச் சொல்வார்.